கொடி அறுக்காத காடு

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் என் வீட்டுக்கு வந்துபோன புதுக் கணக்கப்பிள்ளைகள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், படித்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. நீங்கள் வெற்றிலை பாக்கு வைத்து, முப்பத்தைந்து வருஷம் மலையிலே கிடந்த மனிதர், எங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் உங்களில் ஒருவர், மேல் மலையில் மிச்சமிருக்கும் காட்டை வெட்டித் தேயிலை போடப் போகிறோம், காடு வெட்டும் பொறுப்பு என் கையில்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதோடு எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம். நீங்கள் போன பிறகு என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள், வீட்டுக்கு வந்த பிள்ளைகளிடம் இப்படியா எரிந்து விழுவது என்று. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது கத்த முடியாது அல்லவா?

கொழுந்து எடுப்பது, கவ்வாத்து வெட்டுவது, கான் வெட்டுவது இதெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மலையைப் பார்ப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் இல்லை. உங்கள் புகார்களையே எடுத்துக்கொள்வோமே. பன்றி வந்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கிழங்குப் பாத்தியைக் கிண்டுகிறதாம். கருங்குரங்கு அவரைப் பந்தலைப் பிய்க்கிறதாம். மழை பெய்தால் மண் கரைந்து பாதைக்கு வருகிறதாம், மழை விட்டால் தண்ணீர் இல்லையாம். நாலு புகாருக்கும் ஒரே காரணம், காடு போனது. அதைச் சொன்னால், "அது துரை உத்தரவு, நாங்க என்ன பண்றது" என்கிறீர்கள். எதற்கெடுத்தாலும் துரை. கையில் கோடாலியோடு நிற்கிற ஆளை அனுப்புவது யார்? நீங்கள்தானே!

நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அந்தத் தோட்டத்துக்கு வெளியே இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதுளைக்கு ரயில் வராத காலம். நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அதில் ஒரு டிவிஷனுக்கு நான் கணக்கப்பிள்ளை. லயத்துக்கு மேலே ஒரு சரிவு முழுக்கக் காடு. சரிவின் ஓரத்தில், ஒரு பள்ளத்தில், வெயில் தரையைத் தொடாத அளவுக்கு அடர்ந்த நாற்பது ஐம்பது மரங்கள். அடியெல்லாம் பெரணியும் பாசியும். அங்கேதான் ஊற்று. ஊற்றிலிருந்து தண்ணீரை மூங்கிலில் பிடித்து இறக்கி, லயத்துக்குப் பக்கத்தில் பீலியாகக் கொட்டவிட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க, சோறு பொங்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பீலிதான். கோடையிலும் குடம் நிறைய அதிக நேரம் ஆகாது.

அந்தப் பள்ளத்துக்குள் போனால் காலில் அட்டை அப்பிக்கொள்ளும். இரண்டே அடி வைத்திருப்பீர்கள், பத்து அட்டை ஏறியிருக்கும். நான் சுண்ணாம்பும் புகையிலையும் தடவிக்கொண்டு, சபித்துக்கொண்டேதான் போவேன். அட்டை இருக்கிற மண்ணில் ஈரம் இருக்கிறது, ஈரம் இருக்கிற மண்ணில் தண்ணீர் இருக்கிறது என்று அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

சரிவை வெட்டித் தேயிலை போட உத்தரவு வந்தது. இந்த இடத்தில் அந்தத் துரையைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். நான் அவரிடம் போய், பள்ளத்துக் காட்டை மட்டும் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் லயத்துக்குத் தண்ணீர் இருக்காது என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எந்த மரம் நிற்க வேண்டும் என்று அடையாளம் போடு, அது உன் பொறுப்பு என்றார். பார்த்தீர்களா? துரை சம்மதித்துவிட்டார். நானே சுண்ணாம்புச் சட்டியோடு பள்ளத்துக்குள் போய், நிற்க வேண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் வளையம் போட்டேன்.

அந்த வாரம் பீலிக்கரையில் செல்லாயி என்னை நிறுத்தினாள். கொழுந்து எடுக்கிறவள், முப்பது வயதுக்கு மேல் இருக்கும், லயத்துப் பெண்களுக்கெல்லாம் அவள் வாய்தான் வாய்.

"ஐயா, பள்ளத்துக் காட்டையும் சாய்க்கப் போறாங்களாமே. பீலி நின்னு போச்சுன்னா நாங்க எங்கங்கய்யா போவோம்?"

"பள்ளத்துல ஒரு மரம் கூட விழாது தாயி. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

காடு வெட்டுகிற வேலைக்கு நம் ஆட்களை விடுவதில்லை. கீழே உள்ள சிங்கள ஊரிலிருந்து கோடாலிக்காரர்கள் வருவார்கள். அதில் அவர்கள் கை நம் ஆட்களுக்கு வராது. அவர்களுக்குத் தலைவர் பண்டா என்று ஒரு நடுத்தர வயதுக்காரர், தமிழ் ஓரளவு பேசுவார். அவர்கள் வெட்டுகிற முறையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போய், ஒவ்வொரு மரத்தையும் பாதிதான் வெட்டுவார்கள். எந்த மரமும் விழாது, எல்லாம் பாதி அறுபட்டு நிற்கும். வாரக்கணக்கில் இப்படி வெட்டிவிட்டு, கடைசியில் உச்சியில் உள்ள பெரிய மரங்களை மட்டும் முழுசாக வெட்டிச் சாய்ப்பார்கள். அது கீழே உள்ளதன் மேல் விழும், அது அடுத்ததன் மேல் விழும். மலைச் சரிவு மொத்தமும் ஒரே மூச்சில் கீழே போய்விடும்.

இதற்கு ஒரு முன்வேலை உண்டு. காட்டில் கொடிகள் இருக்கும், தொடைப் பருமன். மரத்துக்கு மரம் உச்சியில் தாவிப் பின்னிக் கிடக்கும். நிற்க வேண்டிய காட்டுக்கும் விழ வேண்டிய காட்டுக்கும் நடுவில் அந்தக் கொடிகளை முதலிலேயே அறுத்துவிட வேண்டும். பண்டா அதைத்தான் முதலில் செய்யலாம் என்றார். நான்தான், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், சரிவைத் தொடங்கு என்றேன். துரை பாதையில் வரும்போது வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. மர உச்சியில் நாலு பேர் உட்கார்ந்து கொடி அறுப்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

சரிவு முழுக்கப் பாதி வெட்டி முடிந்தது. மறுநாள் சாய்க்கலாம் என்று நான் துரைக்குச் சீட்டு அனுப்பிவிட்டேன். துரை பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரையும் அவர்கள் வீட்டு அம்மாமாரையும் வேடிக்கை பார்க்க அழைத்துவிட்டார். எதிர் மேட்டில் நாற்காலிகள் வந்து இறங்கின. மறுநாள் காலை, எட்டு மணி இருக்கும், பண்டா என்னிடம் வந்தார்.

"மாத்தையா, கொடி வெட்ட இல்ல. இது விழுந்தா அதுவும் வரும். ரெண்டு நாள் தாங்க."

ரெண்டு நாள்! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர் மேட்டில் குடை பிடித்துக்கொண்டு விருந்தாளிகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அதோடு காற்று வேறு கிளம்பிவிட்டது. ஊவாக் கோடைக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பாதி அறுத்த காடு அந்தக் காற்றில் தானாகவே சாய்ந்தால் கீழே யார் தலையில் விழும்? அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய நியாயம் கிடைத்த மாதிரி இருந்தது. பண்டாவிடமும் சொன்னேன். அவர் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சொல்வது நீங்கள், வெட்டுவது நாங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரிவுக்குக் கீழே போகிற பாதையை இரண்டு ஆளைப் போட்டு மறித்திருக்க வேண்டும். கொடி பிடித்த பள்ளத்து மரங்களில் வெட்டே இல்லை, அவற்றில் ஆள் ஏறுவதில் ஆபத்து இல்லை. துரைக்கு, என் தவறு, இரண்டு நாள் ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்க வேண்டும். விருந்தாளிகள் முன்னால் ஏசியிருப்பார். ஏசட்டுமே! ஏச்சு வாங்கி யாராவது செத்திருக்கிறார்களா? அந்த ஒரு ஏச்சுக்குப் பயந்து நான் கையைத் தூக்கிச் சாடை காட்டினேன்.

உச்சியில் பெரிய மரம் சாய்ந்தது. பிறகு மலையே முனகியது. சரிவு முழுவதும் மேலிருந்து கீழே மடிந்து போயிற்று, காலடியில் மண் அதிர்ந்தது. எதிர் மேட்டில் கை தட்டினார்கள். நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் எல்லா மரங்களும் அசையாமல் நின்றன. தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்புறம் கொடிகள் இறுகின. சுண்ணாம்பு வளையம் போட்ட முதல் மரம் தலையைச் சாய்த்தது, வேரோடு வந்தது. அடுத்தது அதன் பின்னால். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், எல்லாம் போயின. புழுதி அடங்கியபோது பள்ளத்தில் வானம் தெரிந்தது.

துரை இறங்கி வந்தார். அவருக்கு நம் தமிழ் நன்றாக வரும்.

"என்ன கணக்கப்பிள்ளை, அந்தப் பள்ளம் நிக்கணும்னு சொன்னது நீதானே?"

"காத்துங்க தொரை. காத்து சாச்சிருச்சுங்க" என்றேன்.

பண்டா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நான் சொன்னது புரிந்தது, அது எனக்கும் தெரிந்தது. அவர் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களோடு இறங்கிப் போய்விட்டார். அடுத்த வருஷம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது வர முடியாது என்று சொல்லிவிட்டார். லயத்திலும் நான் காற்று என்றே சொன்னேன். செல்லாயி கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரிவைக் கொளுத்தினோம். பள்ளத்து மரங்கள் ஈரத்தில் சரியாக எரியவில்லை, கருகிப் புகைந்து கிடந்தன. பெண்கள் பல மாதம் அங்கேதான் விறகு பொறுக்கினார்கள். காட்டை இழந்த கருங்குரங்குக் கூட்டம் எதிர்ப்பக்கத்து மர விளிம்பில் உட்கார்ந்து மூன்று நாள் கத்தியது. அப்புறம் லயத்துப் பாத்திகளுக்கு வரத் தொடங்கியது. அதைக் கல்லால் அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டவனும் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது உங்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டிய விஷயம். முதல் வருஷம் பீலியில் தண்ணீர் குறையவில்லை. கூடியது! மரம் குடித்துக்கொண்டிருந்ததும் சேர்ந்து வந்ததோ என்னமோ, குடம் முன்னைவிடச் சீக்கிரம் நிறைந்தது. அட்டையும் ஒழிந்தது. லயத்தில் அதற்காக என்னைப் புகழ்ந்தார்கள். நானும் பார்த்தீர்களா, காட்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்று பேசித் திரிந்தேன். மலை உடனே கணக்குத் தீர்க்காது. அந்த ஒரு வருஷத்தில்தான் என்னைப் போன்ற மடையர்கள் எல்லாம் மேதாவி ஆகிறோம்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் பீலியில் சேறு வந்தது. சரிவின் மேல்மண் கரைந்து மூங்கிலை அடைத்தது. அடுத்த கோடையில் தண்ணீர் நூல் மாதிரி இழுத்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றது. பள்ளத்துக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். ஊற்று இருந்த இடத்தில் மண் வெடித்துக் கிடந்தது. என் காலில் ஒரு அட்டை கூட ஏறவில்லை. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இது இனி வராது என்று. கீழே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மழைக்கு வந்துவிடும் என்றேன்.

பெண்கள் கீழ் ஆற்றுக்கு நடக்கத் தொடங்கினார்கள். முக்கால் மைல் இறக்கம், குடத்தோடு முக்கால் மைல் ஏற்றம். காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு ஆள் சேர்கிற நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். பிந்தினால் அன்றைய பேரும் கூலியும் போய்விடும். பிந்தியவர்களைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். சட்டம் அப்படி என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் லயத்துக் கூரை உளுத்துப்போய், பிரித்துத் தகரம் போட வேண்டிய நிலைமை. துரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். இதை நான் மறக்கவே முடியாது.

"ஊத்துல தண்ணி திரும்ப வருமா? வரும்னா லயம் அங்கேயே இருக்கட்டும், தகரத்தைப் போடுவோம். வராதுன்னா மொத்தமா ஆத்துப் பக்கம் கட்டிரலாம். நீ சொல்லு."

அவர் கேட்டது ஒரே கேள்வி. வராது என்று சொன்னால், ஏன் வராது என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் காற்று போய்க் கொடி வரும். கொடி வந்தால் நான் சாடை காட்டிய கை வரும். வெளியே மேஸ்திரி அளவு நூலோடு காத்துக்கொண்டிருந்தான்.

"வரும்ங்க தொரை. ரெண்டு மழை நல்லாப் பேஞ்சா வந்துரும்" என்றேன்.

பழைய இடத்திலேயே புதுத் தகரம் ஏறியது. வெயிலில் பளபளவென்று மின்னியது. தண்ணீர் இல்லாத லயத்துக்கு அவ்வளவு அழகான கூரை இந்த மலையில் வேறு எங்கும் இல்லை.

இரண்டு ஐப்பசி போயிற்று. இரண்டிலும் சேறு வந்தது, தண்ணீர் வரவில்லை. ஒருநாள் காலை நான் ஆற்றுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே செல்லாயி குடத்தோடு ஏறி வந்தாள். ஒரு முழங்கால் வீங்கி, அந்தக் காலை இழுத்து இழுத்து வைத்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தைக் கல்லில் இறக்கி வைத்துவிட்டு, எப்போது வரும் என்று கேட்டாள். எது என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? மழைக்கு என்று தொடங்கினேன். அந்த முழங்காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"வராது தாயி" என்றேன். "காத்து இல்ல. கொடியை நான் அறுக்கச் சொல்லல."

அழுவாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடி சங்கதி எங்களுக்குத் தெரியுங்கய்யா. வெறகு பொறுக்கப் போன அன்னைக்கே பாத்தோம். மரத்தோட மரம் கட்டுன மேனிக்கே கெடந்துச்சு. அதை நாங்க கேக்கல. யாருக்குத்தான் தப்பு வரல? ஆனா வராதுன்னு தெரிஞ்சும் வரும்னு சொன்னீங்களே, அதைத்தான் நம்பிட்டோம். கூரை பிரிச்ச அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லயத்தைக் கீழ கட்டுங்கன்னு தொரை பங்களாவுல போயி உக்காந்திருப்போம். இப்ப புதுத் தகரம் ஏறிப்போச்சு. இனி யாருங்கய்யா மாத்துவா?"

அன்று மத்தியானமே பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துரை ஏசவே இல்லை. கொழும்பில் உள்ள கம்பெனிக்காரர்கள் ஒரே லயத்துக்கு இரண்டு தடவை செலவு செய்ய மாட்டார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் நடந்திருக்கும் என்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அதுவும் செய்யவில்லை. மறுநாளிலிருந்து பெரட்டு நேரத்தை அரை மணி தள்ளி வைத்தார், அவரால் முடிந்தது அவ்வளவுதான். பள்ளத்தில் மரம் நட அனுமதி கேட்டேன், கொடுத்தார். காட்டு ஓரத்திலிருந்து கன்றுகளைப் பிடுங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நட்டேன். முதல் வருஷம் பாதி செத்தது, மறுபடி நட்டேன். இன்று அங்கே நிழல் இருக்கிறது. மழைக்காலத்தில் அடிமண் நனைந்து கிடக்கிறது. பீலிக்கு வருகிற அளவுக்குத் தண்ணீர் இல்லை. என் காலத்தில் வராது, உங்கள் காலத்திலும் சந்தேகம்தான்.

தவறே செய்யாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவன் மலையில் வேலை பார்க்காதவன். வெட்டுவதற்கு முன்னால் பள்ளத்துக்குள் இறங்கி நடந்து பாருங்கள், தண்ணீர் எடுக்கிற பெண்களைக் கேளுங்கள், கோடாலிக்காரன் இரண்டு நாள் கேட்டால் நாலு நாள் கொடுங்கள். அதையும் மீறிப் பிழை வந்துவிட்டால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்கள். மரம் விழுந்தது ஒருநாள் காரியம். என் வாய் மூடிக்கிடந்ததுதான் அந்த லயத்தை அங்கேயே கட்டிப்போட்டது.

நீங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்திருப்பது அதே டிவிஷன்தான். ஞாயிற்றுக்கிழமை காட்டோடு அந்த டிவிஷன் பேரையும் நீங்கள் சொன்னதால்தான் நான் கத்தினேன். அந்த லயத்தை உங்களுக்குத் தெரியும், தகரம் இப்போது துருப்பிடித்திருக்கும். நாளைக் காலை பெரட்டுக்கு முன்னால் ஆற்றுப் பாதையில் போய் நில்லுங்கள். குடத்தோடு ஏறி வருகிறவர்களில் செல்லாயியின் மகளும் இருப்பாள், அவளுக்கும் இப்போது முழங்கால் வலி தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அவளுக்கு வழிவிட்டு நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மேல் மலைக் காட்டை வெட்டத் தோன்றினால் என் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம்.